இறக்கி வைக்கும் உரிமை

பிறந்தநாள் நெருங்கினால் நம்ம பையன்கள் பலருக்குக் கேக் ஞாபகம் வருவதில்லை, ஐபிபிடி ஞாபகம்தான் வரும். தேசிய சேவை முடித்த எந்த அண்ணனையும் கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் தண்டால், ஒரு நிமிடம் சிட்-அப், அப்புறம் 2.4 கிலோமீட்டர் ஓட்டம். முதல் இரண்டுக்கும் தலா 25 புள்ளி, ஓட்டத்துக்கு 50. 51 எடுத்தால் தேர்ச்சி, 75 எடுத்தால் வெள்ளி, 85 எடுத்தால் தங்கம். வெள்ளி வாங்கினால் 300 வெள்ளி கிடைக்கும், தங்கம் வாங்கினால் 500 வெள்ளி. (தமிழில் சொல்லும்போது மட்டும் இந்தக் கணக்கு கொஞ்சம் குழப்பும்.) 2015க்கு முன்னால் ஐந்து அங்கம் இருந்தது. கம்பியில் தொங்கி மேலே ஏறுவது, நின்ற இடத்திலிருந்து தாவுவது, குறுக்கும் நெடுக்கும் ஓடுவது எல்லாம் அப்போது உண்டு. "அதுதாண்டா உண்மையான டெஸ்ட்" என்று மூத்தவர்கள் இன்றும் அலுத்துக்கொள்வார்கள்.

நான் பேச வந்தது எப்படித் தங்கம் எடுப்பது என்பதைப் பற்றி இல்லை. அந்தப் புள்ளி நம்மைப் பற்றி என்ன சொல்கிறது என்பதைப் பற்றி. என் வகுப்பு நண்பன் ஒருவன் அடிக்கடி சொல்வான்: "உடம்பு பொய் சொல்லாது மச்சான். ஒருத்தன் எவ்வளவு ஒழுக்கமா இருக்கான்னு அவன் தோளைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்." இதை அவன் மட்டும் சொல்வதில்லை. ஜிம்முக்குப் போகும் பாதிப் பேர் மனதில் இதுதான் ஓடுகிறது. பலம் இருந்தால் ஒழுக்கம் இருக்கிறது, பலம் இல்லாவிட்டால் சோம்பேறித்தனம் இருக்கிறது. அதாவது தசை என்பது ஒரு நற்குணம்.

இது சரியா? இதைச் சோதித்துப் பார்க்கச் சிங்கப்பூரில் ஓர் இடம் சொல்லுங்கள் என்றால் நான் தஞ்சோங் பகாரைச் சொல்வேன்.

மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே போனால் தெரியும். எம்ஆர்டி நிலையத்துக்கு மேலே 290 மீட்டர் உயரத்துக்கு குவோக்கோ டவர் நிற்கிறது. சுற்றியுள்ள அலுவலகக் கட்டடங்களிலும் பழைய கடைவீட்டு மாடிகளிலும் உடற்பயிற்சிக் கூடங்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தவர்கள் கழுத்திலிருந்து அலுவலக அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, மாதாமாதம் சந்தா கட்டி, இரும்பைத் தூக்கி இறக்குகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதே மண்ணில் நூறு வருஷத்துக்கு முன்னால் பாரம் தூக்கியவன் சந்தா கட்டித் தூக்கவில்லை, கூலிக்குத் தூக்கினான்.

தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் 1864இல் தொடங்கப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் குவிய ஆரம்பித்தன. நீராவிக் கப்பலுக்கு நிலக்கரி வேண்டும். அந்தக் கரியைக் கூடையில் அள்ளி, மூங்கில் கழியில் மாட்டி, இரண்டு இரண்டு பேராகச் சுமந்துகொண்டு பலகை வழியாகக் கப்பலுக்குள் போய்க் கொட்டினார்கள். அரிசி மூட்டை, ரப்பர், கொப்பரை எல்லாம் தோளில்தான். சீனர்கள், மலாய்க்காரர்கள், நம் தமிழர்கள் என்று எல்லாரும் அந்தத் துறைமுகத்தில் உழைத்தார்கள். நம்மில் சிலருடைய தாத்தாவோ பாட்டனோ அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கலாம்.

அந்தக் காலத்துச் சரக்கு அளவு ஒன்று உண்டு: பிக்குல். சிங்கப்பூர், மலாயா முழுக்கச் சரக்கை அதில்தான் நிறுத்தார்கள். இன்றைய கணக்கில் சுமார் 60.5 கிலோ. மலாய் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும், 'பிக்குல்' என்றால் தோளில் சுமப்பது. ஒரு ஆள் தோளில் சுமக்கக்கூடியது எவ்வளவோ அதுவே ஒரு பிக்குல். யோசித்துப் பாருங்கள், மனிதனுடைய பலத்தை அளந்து, அந்த அளவையே தராசாக்கி, அதை வைத்து மிளகும் தகரமும் விற்றிருக்கிறார்கள். உலகத்திலேயே மிக நேர்மையான பலச் சோதனை இதுதான் என்றுகூடச் சொல்லலாம். ஏமாற்றவே முடியாது. ஆனால் இந்தச் சோதனையில் தேறியவனுக்குக் கிடைத்தது பதக்கமல்ல, அடுத்த மூட்டை.

நான் இயந்திரப் பொறியியல் படிக்கிறவன், அதனால் இன்னொரு விஷயம் என் கண்ணை உறுத்தும். பாரந்தூக்கிகளில் 'பாதுகாப்பான வேலைச்சுமை' என்று ஒரு எண் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தூக்கியைச் சோதிக்கும்போது அந்த எண்ணைவிடக் கூடுதலாக, சின்னத் தூக்கியாக இருந்தால் 25 விழுக்காடு கூடுதலாக, ஏற்றிப் பார்ப்பார்கள். சோதனைக்குக் கூடுதல், வேலைக்குக் குறைவு. கப்பல்துறைத் தூக்கிகளில் அந்த எண்ணைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1932ஆம் ஆண்டு உடன்படிக்கையில் சொல்லிவிட்டது. மனிதத் தோளுக்கு? அதே நிறுவனம் ஓர் ஆண் தொழிலாளி தனியாகச் சுமக்கும் பாரத்துக்கு 55 கிலோ என்று ஒரு எண்ணைப் பரிந்துரைத்தது 1967இல். இரும்புக்கு வரம்பு எழுதி 35 வருஷம் கழித்துத்தான் மனுசனுக்கு ஒரு எண் வந்தது. அந்த எண்ணையும் பிக்குலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல தலைமுறையாக "ஒரு ஆள் சுமை" என்று எடுத்துக்கொண்டதே வரம்பைவிட ஐந்து கிலோ அதிகம்.

அதே 1932இல் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் திறந்தார்கள். 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் போகும்வரை நம்ம ஆட்கள் மலேசியாவுக்கு ஏறிய இடம். அதன் முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள்: விவசாயம், தொழில், வணிகம், போக்குவரத்து. உள்ளே பெரிய சுவரோவியங்களில் ரப்பர் மரம் சீவுகிறவர்கள், நெல் நடுகிறவர்கள், சுமை ஏற்றுகிறவர்கள். உழைப்பை அழகாகத்தான் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஓவியங்களில் யாருக்கும் முதுகு வலிப்பதில்லை.

இப்போது என் நண்பனின் கணக்குக்கு வருவோம். தசைதான் நற்குணம் என்றால் இந்த ஊரிலேயே அதிகம் மதிக்கப்பட்டிருக்க வேண்டியவர்கள் அந்தத் துறைமுகக் கூலிகள். யாரும் அப்படி மதிக்கவில்லை. 'கூலி' என்பது வசைச்சொல்லாகத்தான் ஆனது. அப்படியானால் ஜிம் கண்ணாடி முன்னால் நாம் மெச்சிக்கொள்வது பலத்தையா, இல்லை பலத்தை வளர்க்க நேரமும் பணமும் இருக்கும் நிலையையா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

நம் ஊர் வழக்கத்திலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டின் தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல் என்று ஒரு உருண்டைக் கல் கிடக்கும். வழுவழுவென்று பிடிமானமே இல்லாமல் இருக்கும். இளவட்டங்கள் அதைக் குனிந்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளுக்கு மேலே தள்ளிப் பின்னால் போட வேண்டும். தூக்கினவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று சொல்வார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இப்போதும் போட்டி நடக்கிறது, கற்களில் சில நூறு கிலோவைத் தாண்டும். பெண்களும் வந்து தூக்குகிறார்கள். அதைக் காணொளியில் பார்த்து எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அதே கிராமங்களின் பாதையோரத்தில் இன்னொரு கல்லும் இருக்கும். இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு கல் போட்டிருப்பார்கள். பெயர் சுமைதாங்கி. தலைச்சுமையோடு தனியாக வருகிறவர் சுமையை இறக்க வேண்டுமென்றால் இன்னொரு ஆள் கைகொடுக்க வேண்டும். ஆள் இல்லாத பாதையில் அந்தக் கல்தான் ஆள். தலையை லேசாகச் சாய்த்தால் சுமை கல்லின் மேல் நின்றுவிடும், மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பிணியாக இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை வைப்பது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்காக, யார் யாருடைய சுமையோ இறங்கட்டும் என்று.

இளவட்டக்கல்லைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம், வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறோம். சுமைதாங்கியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் பலத்தைப் பற்றி அதிகம் யோசித்தவர் யார் என்று கேட்டால், இரண்டாவது கல்லை நட்டவர் என்பேன். எவ்வளவு பலசாலிக்கும் இறக்கி வைக்க ஓர் இடம் தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜிம்முக்கும் துறைமுகத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். எடை ஒன்றாகவே இருக்கலாம். 60 கிலோ கம்பியும் 60 கிலோ மூட்டையும் முதுகெலும்புக்கு ஒன்றுதான். ஆனால் கம்பியை எப்போது கீழே வைப்பது என்று நான் முடிவு செய்கிறேன். மூட்டையை எப்போது வைப்பது என்று கங்காணி முடிவு செய்தான். இது வெறும் கவிதைப் பேச்சு இல்லை, உடலியலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது. தசை வளர்வது தூக்கும்போது இல்லை, தூக்கிவிட்டு ஓய்வெடுக்கும்போது. இரும்பில் திரும்பத் திரும்ப அதிகச் சுமை ஏற்றினால் உள்ளே நுண்விரிசல் வளர்ந்துகொண்டே போய் ஒருநாள் உடையும். உடம்பு அப்படியில்லை. சுமை ஏற்றி, சாப்பாடும் தூக்கமும் இடைவெளியும் கொடுத்தால் முன்னைவிட உறுதியாகத் திரும்பி வரும். இடைவெளி கொடுக்காவிட்டால் அதுவும் இரும்பு மாதிரிதான். வேலையில் பாரம் சுமப்பதால் வரும் பலனும் ஓய்வுநேரப் பயிற்சியால் வரும் பலனும் ஒன்றல்ல என்று ஆய்வாளர்கள் பேசிவருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்றும் தஞ்சோங் பகாரில் எழும் கட்டடங்களில் கம்பி சுமக்கும் அண்ணன்மார் இருக்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம், சிவகங்கைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் நம் பக்கத்தில் நின்று டீ குடிக்கிறவர்கள்தான். அவர்களில் ஒருவரிடம் "அண்ணே, எந்த ஜிம்?" என்று கேட்டால் சிரிப்பார். அவர் தோளைப் பார்த்து "செம உடம்பு" என்று வியப்பதோடு நிறுத்திக்கொண்டால் நாமும் பிக்குல் கணக்குப் போட்டவர்கள் மாதிரிதான்.

அதெல்லாம் சரி, அப்போ பலத்தை வளர்க்கவே வேண்டாமா? வளர்க்கணும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உடம்பு தாழ்ந்தது, ஆன்மாதான் உயர்ந்தது என்று சொல்லிச் சும்மா உட்கார நம் மரபு இடம் கொடுப்பதில்லை. உடம்பைப் பேணுவதைத் திருமூலர் கடமையாகவே சொல்கிறார், உள்ளே குடியிருப்பவன் யார் என்று தெரிந்த பிறகு. 1897இல் சென்னையில் இளைஞர்களிடம் பேசிய விவேகானந்தர் கீதையையும் காற்பந்தையும் ஒப்பிட்டுக் காற்பந்துக்கு ஓட்டுப் போட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் ஆட்கள் அந்தப் பாதியை மட்டும் டீ-சட்டையில் அச்சடிப்பார்கள். கை கொஞ்சம் பலப்பட்டால் கீதை இன்னும் நன்றாகப் புரியும் என்பது மீதிப் பாதி. அவருக்குப் பலம் போய்ச் சேரும் இடம் அல்ல, புறப்படும் இடம். அனுமனும் அப்படித்தான். கடலோரத்தில் தன் பலமே மறந்து உட்கார்ந்திருந்தவருக்கு ஜாம்பவான் நினைவுபடுத்தினார். நினைவு வந்ததும் அவர் யாரையும் போட்டிக்குக் கூப்பிடவில்லை, தேட வேண்டியவளைத் தேடிப் போனார்.

எடைப் பயிற்சியின் வரலாற்றிலும் இப்படி ஒரு அழகான விஷயம் இருக்கிறது. "மூன்று செட், பத்துப் பத்து" என்று ஜிம்மில் எல்லாரும் சொல்கிறார்களே, அதைப் பரப்பியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காலும் முழங்காலும் அடிபட்டு வந்த வீரர்களை நடக்கவைக்க, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் முறையை 1945இல் எழுதினார். ஆக, இன்றைய பளு பயிற்சிக்கு ஒரு வேர் அழகுப் போட்டியில் இல்லை, மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறது.

1990இல் பாஸ்டனில் மரியா ஃபியட்டரோன் குழுவினர் முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். கனமான எடையோடுதான். ஒருவர் இடையில் விலகினார். முடித்தவர்களின் கால்பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதில்! 2015இல் வெளியான இன்னொரு ஆய்வு 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரின் கைப்பிடி வலிமையை அளந்தது. பிடியில் ஐந்து கிலோ குறைவாக இருந்தால், ஆய்வுக் காலத்தில் இறக்கும் அபாயம் 16 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பிடி குறைந்ததால்தான் இறந்தார்கள் என்று அர்த்தமில்லை. உடம்பு முழுவதின் நிலையை அந்த ஒரு பிடி காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். சோதனைகள் பயன்படுவது இந்த மாதிரிதான், தீர்ப்பாக இல்லாமல் தகவலாக.

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களுக்காக மட்டும் சுருக்கமாக. உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்தில் இரண்டு நாள், பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும். முதல் சில வாரங்களில் பலம் கூடும், கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. நரம்புகள் இருக்கிற தசையையே நன்றாகப் பயன்படுத்தப் பழகுவதால் வரும் பலம் அது, பயப்படாமல் தொடருங்கள். ஒரே முறை அதிகபட்சம் எவ்வளவு தூக்கலாம் என்று பார்க்கப் புதியவர்கள் முதுகை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. 40 கிலோவை ஆறு முறை ஒழுங்காகத் தூக்க முடிந்தால், ஆறை முப்பதால் வகுத்து ஒன்றைக் கூட்டி நாற்பதால் பெருக்குங்கள். 48. உங்கள் அதிகபட்சம் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். மருத்துவச் சிக்கல் இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இனி நம் வீட்டுக் கணக்கு. நம் இளையர் பிரிவில் ஒரு உடற்பயிற்சி நாள் வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. தண்டால், கைப்பிடி, ஓட்டம் எல்லாம் அளந்து, பெயர்களை வரிசைப்படுத்திப் பலகையில் ஒட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். போட்டி இருந்தால்தான் பசங்க வருவாங்க என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனக்கும் போட்டி பிடிக்கும்.

ஆனால் அந்தப் பலகையின் அடியில் யார் பெயர் வரும் என்று யோசித்தீர்களா? ஆஸ்துமாவால் தேசிய சேவையில் எழுத்தர் வேலை பார்த்து, 'பெஸ்' நிலையைச் சொல்லவே கூச்சப்படும் ஒருவன். நபி... இல்லை, பள்ளியில் நாஃபா சோதனை நாளன்று வேண்டுமென்றே காய்ச்சல் வரவழைத்துக்கொண்ட இன்னொருவன். வீட்டில் தாத்தாவைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடி வரும் ஒரு தங்கச்சி. தினமும் ஐம்பது கிலோ ஆளைத் தூக்குகிற அவளுக்குத் தண்டால் ஐந்துகூட வராமல் இருக்கலாம். அவளை எந்தப் பலகையில் எங்கே எழுதப்போகிறோம்? ஐபிபிடிகூட வயதுக்கு வயது புள்ளியை மாற்றுகிறது. ராணுவமே ஒப்புக்கொண்ட விஷயத்தை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாதா?

என் யோசனை இது. அளக்கலாம், கட்டாயம் அளக்கலாம். ஆனால் அவரவர் சீட்டில் அவரவர் எண். மூன்று மாதம் கழித்து அதே ஆள் அதே சோதனை, எவ்வளவு கூடியது என்பது மட்டும் போதும். போட்டி வேண்டும் என்கிறவர்களுக்குத் தனியாக ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம், நானே முதலில் பெயர் கொடுக்கிறேன்.

இன்னொன்றும் சேர்க்க ஆசை. 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்பது அரசாங்கக் கணிப்பு. அவர்களுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கை இல்லாத நாற்காலி, உயரம் 43 சென்டிமீட்டர். கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது? 70 முதல் 74 வயதுக்குள் ஆண்களுக்கு 12க்குக் கீழேயும் பெண்களுக்கு 10க்குக் கீழேயும் போனால் விழும் அபாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். நம் உடற்பயிற்சி நாளுக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு தாத்தாவையோ பாட்டியையோ அழைத்து வரலாம். வர முடியாதவர்களை வீவக வீட்டிலேயே போய்ப் பார்க்கலாம். நாற்காலியை யாராவது ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும், நகர்ந்துவிடக் கூடாது. இதற்கு நல்ல பிடி உள்ள ஆட்கள் தேவை. ஐபிபிடியில் தங்கம் எடுத்தவர்கள் முதலில் கைதூக்கினால் நன்றாக இருக்கும்.